எட்டுப் பேர் இருக்கலாம், நாலு பேர் படுக்கலாம்

லண்டனில் உங்களிடம் ஒரு வான் இருப்பது வெளியே தெரிந்துவிட்டால் போதும், உறவு பெருகும். அதுவும் எட்டு இருக்கை வான் என்றால் ஒன்றுவிட்டவர், இரண்டுவிட்டவர், ஊரில் பின்வளவுக்காரரின் மருமகன் வரை எல்லாரும் தேடி வருவார்கள். எங்கள் வானின் பின்பக்கம் இரண்டு அடுப்பும் ஒரு சின்னக் கைகழுவும் தொட்டியும் இருக்கின்றன. இருக்கைகளைச் சரித்தால் ஒரு கட்டில் வரும். ஒரு சுவிச்சை அமத்தினால் கூரை எழும்பி, அதற்குள் இன்னொரு கட்டில் வரும். இதைப் பற்றியெல்லாம் யாரும் கேட்பதில்லை. "சீற் எட்டுத்தானே அண்ணை?" என்று மட்டும் கேட்பார்கள். அடுத்த வசனம் எனக்கு மனப்பாடம்: "சும்மாதானே நிக்குது?"

வானின் பெயர் மஸ்டா பொங்கோ ஃபிரெண்டி. 1995 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, 2005 வரை செய்தார்கள். ஃபோர்ட் ஃபிரேடா என்று வேறு பெயர் ஒட்டியும் அங்கே விற்றார்கள். பிரித்தானியாவில் இது ஒருநாளும் புதிதாக விற்கப்படவில்லை. இங்கே ஓடுகிற ஒவ்வொரு பொங்கோவும் ஜப்பானில் ஏதோ ஒரு குடும்பத்தைச் சுமந்து களைத்து, பிறகு கப்பலேறி வந்ததுதான். இரண்டு நாட்டிலும் வீதியின் இடப்பக்கம்தான் ஓட்டம், ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகையால் பெரிய சத்திரசிகிச்சை எதுவும் வேண்டாம். வேகமானி மைலில் காட்ட வேண்டும், பின்னால் ஒரு மூடுபனி விளக்கு வேண்டும், முக்கியமாக அவ்வளவுதான். இலங்கைக்கு 'டொல்பின்' ஹயஸ் வான்கள் வந்து குவிந்ததும் இந்த இடப்பக்க நியாயத்தால்தான். மடியில் பிள்ளையும் பிள்ளையின் மடியில் கோழியுமாக அவற்றில் பயணம் செய்து வளர்ந்த எங்களுக்கு, ஆளுக்கொரு இருக்கை என்பதே ஆடம்பரம்.

நல்ல வண்டியை ஜப்பான்காரர் ஏன் விற்கிறார்கள் என்று மாமி கேட்டார். அங்கே 'ஷாக்கென்' என்று ஒரு கட்டாயப் பரிசோதனை உண்டு, புது வண்டிக்கு மூன்றாம் வருடம், அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருக்கால். அதற்குக் காசு நிறையப் போகும், வண்டி கிழடானால் இன்னும் போகும், அதனால் அடுத்த ஷாக்கென் வருமுன் கைகழுவி விடுவார்கள் என்று விளக்கினேன். "அப்ப அவையின்ர சோதினைக்குப் பயந்து ஓடி வந்ததுதான் இது" என்றார் மாமி. ஊரில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர். எந்த நீண்ட விஷயத்தையும் ஒரு வரியில் முடித்துவிடுவார்.

ஓடி வந்தது தன் ஊர்ப் பழக்கங்களை விடவில்லை. இந்த வான் செய்த காலத்தில் ஜப்பானில் பண்பலை வானொலி 76 மெகாஹேர்ட்சில் தொடங்கி 90 இல் முடிந்தது. பிரித்தானியாவில் அது 87.5 இல் தொடங்கி 108 வரை போகும். இரண்டுக்கும் பொதுவான அந்த இடுக்கில் லண்டனில் ஒழுங்காக அகப்படுவது பிபிசி ரேடியோ 2 மட்டும். எங்கள் பிள்ளைகளின் ஆங்கில இசை ரசனை முழுவதும் அந்த இரண்டரை மெகாஹேர்ட்சுக்குள் உருவானது. சாவியைத் திருப்பினால் ஒரு பெண் குரல் மிக மரியாதையாக ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். காலை வணக்கமாக்கும் என்று எண்ணி மாமி ஒவ்வொரு நாளும் "வணக்கம் பிள்ளை" என்று பதில் சொல்லிவந்தார். மகளுடன் படித்த, ஜப்பானிய மொழி தெரிந்த ஒரு பெண் வானில் ஏறிய நாளில்தான் விஷயம் தெளிந்தது. ஜப்பானிய நெடுஞ்சாலைகளில் சுங்கம் கட்டும் அட்டையை நாங்கள் இன்னும் செருகவில்லை என்று அந்தக் குரல் நினைவூட்டிக்கொண்டிருக்கிறதாம். வேல்ஸ் மலைகளுக்கு நடுவிலும் அது ஜப்பான் அரசின் வருமானத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறது.

சில பொங்கோக்களில் மின்சாரத் திரைகள் உண்டு. ஒரு பொத்தானை அமத்தினால் யன்னல் எல்லாவற்றுக்கும் திரை தானாகவே ஓடி மூடும். எங்களுடையது அந்த வகை. ஒரு கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனபோது, மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு குட்டிப் பெடியன் முன்னுக்கு ஊர்ந்து வந்து அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டான். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடும் நாதஸ்வரத்தோடும் ஆட்கள் காத்து நிற்க, எல்லாத் திரையையும் இழுத்து மூடிக்கொண்டு கறுப்பு வான் ஒன்று மெல்ல ஊர்ந்து வந்து நின்றது. நாதஸ்வரக்காரர் ஒரு கணம் வாசிப்பதை நிறுத்தினார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது.

வானை முகாம் வண்டியாக மாற்றுவதில் இரண்டு வழி. பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு பக்கச் சுவரோடு அலமாரி, அடுப்பு, குளிர்பெட்டி என்று நிரந்தரமாகப் பூட்டுவது ஒன்று. இருக்கைகளை விட்டுவிட்டு, கடைசி வரிசைக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒல்லியான ஒரு பலகைப் பெட்டியைச் செருகுவது மற்றது. முதலாவது வழியில் வான் வீடாகும், இரண்டாவதில் வான் வானாகவே இருந்துகொண்டு வீடு போல நடிக்கும். எங்களுக்கு இரண்டாவதுதான் வாய்த்தது. எட்டு இருக்கையில் ஒன்றைக்கூடக் கழற்ற மனைவி விடவில்லை. "ஆக்கள் வந்தா எங்க இருக்கிறது?" என்றார். வரப்போகிற ஆட்களைப் பற்றி அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. பதிவுப் புத்தகத்தில் 'மோட்டர் கரவன்' என்று போட வேண்டுமானால் 1.8 மீட்டர் நீளக் கட்டில், மேசை, அலமாரி, நிரந்தரமாகப் பூட்டிய அடுப்பு, ஒரு பக்கத்திலாவது இரண்டு யன்னல் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. 2019 முதல் வெளித்தோற்றமும் கணக்கில் வந்துவிட்டது. பக்கவாட்டில் கரவன் பாணிச் சித்திரம், கூடாரத் துணி கட்டும் சட்டம், உயர்ந்த கூரை எல்லாம் பார்ப்பார்கள். எழும்பி இறங்கும் கூரை உயர்ந்த கூரையாகாது. அதாவது பொங்கோவின் ஆகப் பெரிய பெருமை எதுவோ அதற்குப் புள்ளி இல்லை. எங்கள் அடுப்புப் பெட்டி கழற்றக்கூடியது என்பதால் வழக்கு எடுபடவே வாய்ப்பில்லை. காகிதத்தில் எங்களுடையது வெறும் கார். "சட்டப்படி பார்த்தா நாங்கள் ஒருநாளும் காம்பிங் போகேல்லை. காருக்குள்ள நித்திரை கொண்டனாங்கள், அவ்வளவுதான்" என்று மகள் தன் சிநேகிதிகளுக்குச் சொல்வாள்.

இனி வானின் உடம்புக்கு வருகிறேன். பொங்கோவின் என்ஜின் முன்மூடிக்குக் கீழே இல்லை. முன்னால் இருக்கிற இருவரும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ரேடியேற்றரோ வண்டியின் மூக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் வண்டியின் அடிவயிற்று வழியாக இரும்புக் குழாயிலும் ரப்பர்க் குழாயிலும் நெடும்பயணம் செய்ய வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும், ரப்பர் கிழடாகி வெடிக்கும். தண்ணீர் வெளியே போனால் என்ஜின் சூடேறும், சிலிண்டர் ஹெட் வெடிக்கும், அதோடு வானின் பெறுமதி இரும்பு விலைக்கு இறங்கும். இதில் பெரிய கொடுமை வெப்பமானி ஊசி. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரைதான் அந்த உணரி உண்மை சொல்லும். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் அது வெறும் காற்றின் சூட்டைப் பார்த்துவிட்டு "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று காட்டும்.

ஆகவே பொங்கோக்காரர்களுக்கென்று ஒரு தனி வேதம் உண்டு. ஊசி மணிக்கூட்டின் பதினொரு மணி நிலையில் நிற்க வேண்டும். பதினொன்றேகாலுக்குப் போனால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும். இதோடு, தண்ணீர் குறைந்தால் கூவுகிற ஒரு கருவியைத் தனியாக வாங்கிப் பூட்டுவார்கள். நானும் பூட்டினேன். கூர்மையான வளைவில் திரும்பினால் தொட்டிக்குள் தண்ணீர் ஒரு பக்கம் சாய, அது சும்மாவும் கூவும். லேக் டிஸ்ட்ரிக்டின் வளைவுகளில் அது கூவிய கூவலில் செம்மறியாடுகள் வழிவிட்டன.

தண்ணீர் மாற்றுவது ஒரு குடும்பச் சடங்கு. இவ்வளவு நீளக் குழாய்களுக்குள் எங்கேயாவது ஒரு காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுற்றாது. அதற்காக இருக்கையைத் தூக்கி, அடியில் இருக்கிற ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயின் முனையைத் திறந்து உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்ற, இன்னொருவர் குமிழி பார்க்க வேண்டும். இடையில் என்ஜினை ஓடவிட்டு, உள்ளே வெப்பமூட்டியை முழுதாகத் திறந்துவிட வேண்டும். வீட்டில் புனல் என் கையில், குமிழி பார்ப்பது மகன், கட்டளை இடுவது மாமி. "இன்னும் வருது, இன்னும் வருது" என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான். பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நாங்கள் வாகனத்துக்கு ஏதோ அபிஷேகம் செய்கிறோம் என்று நினைத்து மரியாதையாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

வெப்பமூட்டியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என்ஜின் சூடேறத் தொடங்கினால் உள்ளே இருக்கிற வெப்பமூட்டியை உச்சத்தில் போட வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கைவைத்தியம். என்ஜினின் சூட்டைக் கொஞ்சம் ஆட்களின் பக்கம் திருப்பிவிடுவதுதான் சங்கதி. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. பிரித்தானியாவின் வரலாற்றில் அவ்வளவு சூடு அதற்கு முன் பதிவானதில்லை. அன்றுதான் நாங்கள் மோட்டர்வேயில் இருந்தோம், அன்றுதான் ஊசி பதினொன்றேகாலைப் பார்த்தது. நான் வெப்பமூட்டியை முழுதாகத் திறந்தேன். பிள்ளைகள் போட்ட கூச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது. மனைவி ஒன்றும் பேசவில்லை. அது கூச்சலை விடப் பயங்கரம். மாமி மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இப்பதான் தம்பி ஊர் மாதிரிக் கிடக்கு" என்றார்.

மாமிக்கு வாகனம் நடுவழியில் நிற்பது புதிதல்ல. 1990 களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் போனபோது மாமா தன் ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். அப்போது ஊரே அப்படித்தான் ஓடியது. ஒரு சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காட்டி என்ஜினை எழுப்புவது, எழும்பின பிறகு மண்ணெண்ணெயைக் கொடுப்பது. புகை வீதியெல்லாம் நிற்கும். அதைப் பார்த்தவருக்கு மோட்டர்வே ஓரத்தில் தடுப்புக் கம்பிக்கு வெளியே, புல்லில் இருந்து இழுவை வண்டிக்குக் காத்திருப்பது சுற்றுலாதான். பையில் இருந்து பருத்தித்துறை வடையை எடுத்து எல்லாருக்கும் பகிர்ந்தார். இழுவை வண்டிக்காரருக்கும் இரண்டு கிடைத்தது. அவர் அடிக்குக் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு ரப்பர்க் குழாயின் கவ்வி தளர்ந்திருப்பதைக் காட்டி, அங்கேயே இறுக்கித் தண்ணீர் ஊற்றினார். வடைக்காகவும் இருக்கலாம்.

எங்கள் மெக்கானிக் கோண்டாவில் பஸ் டிப்போவில் வேலை பழகியவர். வானை உயர்த்தி விளக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார், டொக்டர்கள் எக்ஸ்ரே பார்ப்பது போல. ஜப்பானின் பெரும்பகுதியில் வீதிக்கு உப்புப் போடுவது குறைவு, ஆகவே அங்கிருந்து வரும் வண்டிகளின் அடிப்பகுதிக்குத் தடித்த பூச்சு இருக்காது. இங்கே குளிர்காலம் முழுவதும் வீதிக்கு உப்பு. வந்த சில வருடங்களில் பின்சில்லு வளைவுகள் பிஸ்கட்டாகும். வெளியே பெயின்ற் பளபளக்கும், விரலால் தட்டினால் சத்தம் வேறு மாதிரி வரும். இந்த நாட்டுக் கட்டாயப் பரிசோதனையான எம்.ஓ.டி.யில் சீற் பெல்ற், சஸ்பென்ஷன் பூட்டிய இடங்களிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் துருவால் பலம் போயிருந்தால் பெயில். எட்டு சீற் பெல்ற்றும் அவற்றைச் சுற்றி 30 சென்ரிமீற்றரும் என்று கணக்குப் பார்த்தால் பொங்கோவில் துருப்பிடிக்க அனுமதி உள்ள இடம் கூரை மட்டும்தான். "இது வருத்தமில்லை அண்ணை, வயசு" என்பார் மெக்கானிக். ஆனால் பில் வருத்தத்துக்குப் போடுகிற அளவில்தான் வரும்.

இவ்வளவும் எதற்காக? முகாம் போவதற்காக. போனோம். கிளாஸ்கோவுக்கு வடமேற்கே, ஏ83 வீதி குரோ பள்ளத்தாக்கின் மேல் ஏறி முடிகிற இடத்துக்கு 'இளைப்பாறி நன்றி சொல்' என்று பொருள்படும் பெயர். படையினர் பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே வீதி வெட்டி முடித்தபோது கல்லில் பொறித்துவைத்த வாசகம் அது. பொங்கோ ஓட்டுகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான அறிவுரையை எந்தச் சித்தரும் சொல்லவில்லை. ஊசி பதினொரு மணியிலேயே அசையாமல் நிற்க மேலே போய்ச் சேர்ந்தோம். எல்லாரும் இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். நான் வானுக்கு அடியில் படுத்து ஏதாவது சொட்டுகிறதா என்று பார்த்தேன். "இஞ்சருங்கோ, நாங்கள் ஸ்கொட்லாந்து பாக்க வந்தனாங்களோ, குழாய் பாக்க வந்தனாங்களோ?" என்று மனைவி கேட்டார். பொங்கோ வைத்திருப்பவன் ஒருநாளும் ஊர் பார்ப்பதில்லை. ஊசி பார்ப்பான், நின்றால் நிலத்தில் ஈரம் பார்ப்பான். இந்தத் தீவின் மிக அழகான வாகனத் தரிப்பிடங்களின் தார் நிறம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்கொட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் முகாமிடலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது நடந்து போகிறவனுக்கு, சைக்கிளில் போகிறவனுக்கு. மோட்டர் வாகனத்துக்கு இல்லை. ஆகவே காசு கொடுத்து முகாம் திடலுக்குத்தான் போக வேண்டும். அங்கே உங்களுக்காக மிட்ஜ் என்ற பூச்சி காத்திருக்கும். நுளம்போடு பிறந்து நுளம்போடு வளர்ந்தவன் நான், ஒரு பூச்சியா என்று அலட்சியமாக இறங்கினேன். நுளம்புக்கு ஒரு நாகரிகம் உண்டு. பாடிக்கொண்டு வரும், ஒவ்வொன்றாக வரும், அடித்தால் சாகும். மிட்ஜ் மேகமாக வரும், சத்தமே போடாது. எங்கள் கூரைக் கூடாரத்தின் வலை ஜப்பானிய நுளம்பின் பருமனுக்கு நெய்தது போலும், மிட்ஜ் அதற்குள்ளால் வாசல் கதவைத் திறந்துகொண்டு வருவதுபோல வந்தது. மேல் கட்டிலில் படுத்த பிள்ளைகள் நள்ளிரவில் கீழே இறங்கி வந்தார்கள். எட்டுப் பேர் இருக்கக்கூடிய வானில் நாலு பேர் படுக்க முடியாத இரவு அது.

சமையல் விஷயத்தில் ஆங்கிலேயரின் முகாம் உணவு எளிது. டின்னைத் திறந்து சூடாக்குவார்கள். நாங்கள் புட்டு அவித்தோம். வேல்ஸில் மழை, பின்கதவைத் திறக்க முடியாது, ஆகவே யன்னலைக் கொஞ்சம் நீக்கிவிட்டு உள்ளேயே அவித்தோம். அத்தனை பேரின் மூச்சோடு புட்டின் ஆவியும் சேர்ந்து, கண்ணாடியெல்லாம் வேர்த்து, கூரைத் துணியில் ஊறி, விடியற்காலையில் சொட்டத் தொடங்கியது. வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே பெய்துகொண்டிருந்தது. காஸ் சிலிண்டரிலும் கவனம் வேண்டும். நீலச் சிலிண்டரில் இருப்பது பியூட்டேன், உறைநிலைக் குளிரில் அது ஆவியாகாமல் சிலிண்டருக்குள்ளேயே படுத்துவிடும். குளிர்காலத்துக்குச் சிவப்புச் சிலிண்டர், புரொப்பேன்தான் சரி. மின்சாரத்தில் சோறு காய்ச்சலாமே என்பீர்கள். முகாம் திடலில் தருகிற இணைப்பு சில இடங்களில் 10 அம்பியர்தான், அதாவது 2300 வாற்று. வீட்டுக் கேத்தல் ஒன்றே 3000 வாற்று இழுக்கும். சோறு காய்ச்சும் பெட்டி வேலை செய்கிற நேரம் பார்த்து மாமி தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டார். எங்கள் இணைப்பு விழுந்தது. அதைத் திரும்பப் போடுகிற பெட்டியின் திறப்பு திடல் பொறுப்பாளரிடம். அவர் பைஜாமாவோடு வந்தார்.

முகாம் திடல்களில் ஒரு வண்டிக்கும் அடுத்ததுக்கும் இடையே 6 மீட்டர் விட வேண்டும். அது நெருப்புப் பாதுகாப்புக்காக. வறுத்த மிளகாய்த்தூள் போட்ட இறால் கறிக்கு 6 மீட்டர் ஒரு தூரமே இல்லை. அடுத்த கரவன்காரர் கோப்பையோடு வந்து நின்றார். அதற்குப் பிறகு அவரும் உறவாகிவிட்டார். நல்ல வேளை, அவரிடம் சொந்தமாக வண்டி இருக்கிறது.

திரும்பி வருவது தனிக் கதை. லண்டனின் யூலெஸ் மாசுக் கட்டணம் 2023 ஓகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதற்கும் விரிந்தது. டீசல் என்றால் யூரோ 6 தரம் வேண்டும். எங்கள் கிழவன் அந்தத் தரத்தை நினைத்துப் பார்க்கவும் ஆளில்லாத காலத்தில் பிறந்தவன். ஆகவே ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். நின்றால் காசில்லை, நகர்ந்தால் காசு. "சும்மாதானே நிக்குது" என்கிறவர்களுக்கு, அது சும்மா நிற்பது ஒன்றுதான் எனக்குக் கட்டுப்படியாகிற நிலை என்று விளக்க வேண்டியிருக்கிறது. நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. ஞாயிறு இரவு பன்னிரண்டுக்கு முன் எல்லைக்குள் புகுந்து பன்னிரண்டுக்குப் பின் ஹரோவில் வீட்டு வாசலில் வந்து இறங்கினால் இரண்டு நாள் காசு. எம்25 வளைய வீதி கட்டண எல்லைக்குள் இல்லை. ஆகவே பிந்தினால் அதன் ஓரமாக இருக்கிற சேவை நிலையத்தில் வானை நிறுத்திவிட்டு, மணி பன்னிரண்டு அடிக்கும் வரை குடும்பமாகக் குந்தியிருப்போம். விடிந்தால் பள்ளிக்கூடம், வேலை. கட்டில் இரண்டு உள்ள வானுக்குள் எல்லாரும் நிமிர்ந்து இருந்து கொட்டாவி விடுவோம். யோசித்துப் பார்த்தால் நாங்கள் அடிக்கடி முகாமிடுகிற இடம் அந்தச் சேவை நிலையம்தான்.

வருடத்தின் மற்ற நாட்களில் வான் என்ன செய்கிறது? ஹீத்ரோவுக்குப் போகிறது. ஒருவர் கனடாவிலிருந்து வருவார், வரவேற்க ஆறு பேர் போக வேண்டும். ஹைகேற் முருகனுக்குப் போகிறது. சாமத்திய வீட்டுக்குத் தட்டங்கள், செத்த வீட்டுக்குப் பெரியவர்கள், வீடு மாறுகிற பெடியனுக்குக் கட்டில், மெத்தை, இரண்டு பெட்டி அரிசி. பக்கக் கதவு சறுக்கித் திறக்கும், படி உயரமில்லை, சேலை கட்டியவர்கள் ஏறி இறங்கச் சுகம். முழங்கால் வருத்தம் உள்ள எல்லா மாமிமாரும் இந்த வானுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறார்கள். அடுப்புப் பெட்டியைக் கழற்றிக் கராஜில் வைத்தால் மோதகப் பானை வைக்க இடமும் வரும். இறங்கும்போது சிலர் விபூதிப் பொட்டலத்தோடு யூலெஸ் காசையும் கையில் வைப்பார்கள். சிலர் விபூதியோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த வானை வாங்கும்போது நான் மலையையும் ஏரியையும் மனதில் வைத்திருந்தேன். வாங்க விட்ட மனைவியும் மாமியும் மனதில் வைத்திருந்தது இதைத்தான் என்று இப்போது விளங்குகிறது. எட்டு இருக்கை அன்றே முடிவான கணக்கு.

பொங்கோ வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உள் அலங்காரத்தைப் பார்க்காதீர்கள். வானை உயர்த்தித் தண்ணீர்க் குழாய்களையும் பின்சில்லு வளைவுகளையும் பாருங்கள். தண்ணீர் எச்சரிக்கைக் கருவி பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். சாவியைப் போட்டுக் கூரையை ஒருமுறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். ஏறினது இறங்காவிட்டால் வீடு போய்ச் சேர வழியில் எந்தப் பாலமும் இருக்கக்கூடாது. லண்டனுக்குள் குடியிருப்பவர் டீசலைத் தொடவே வேண்டாம்.

வாங்காதவர்களிடம், அதாவது என் உறவினர்களிடம், ஒரு வேண்டுகோள். எங்களுக்கு வெயில் கிடைப்பது ஓகஸ்டில். ஈலிங் அம்மன் தேரும் ஓகஸ்டில்தான், அதற்கு நானே வானோடு வருவேன், எட்டுப் பேரை ஏற்றுவேன். ஆனால் கல்யாணம், சாமத்தியம், வீடு மாறல் எல்லாவற்றையும் தயவுசெய்து செப்ரெம்பருக்குத் தள்ளி வையுங்கள். எட்டுக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற மாட்டேன், மடியில் இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். திரைப் பொத்தான் இருக்கிற பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.